திறப்பைத் திருப்பி வாங்குவது யார்? ஃபிளாஷ் செருகுநிரலும் நினைவகப் பாதுகாப்பும்

(ஹட்டனில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் செம்மைப்படுத்திய எழுத்து வடிவம்)



கணினி பற்றிய சொற்பொழிவு என்றதும் செயற்கை நுண்ணறிவைப் பற்றிய பேச்சாக இருக்கும் என்று எதிர்பார்த்துச் சிலர் வந்திருப்பீர்கள். நான் எடுத்துக்கொண்டிருப்பதோ கதை முடிந்துபோன ஒரு மென்பொருளை. அடோபி நிறுவனம் 2020 டிசம்பர் 31ஆம் திகதியோடு கைகழுவிவிட்ட ஃபிளாஷ் பிளேயர் என்ற உலாவிச் செருகுநிரல். அதற்குள் இருந்த ஒரு வகைப் பாதுகாப்பு ஓட்டை. அந்த ஓட்டையிலிருந்து மலையகத்துப் பாடசாலையின் கணினி அறை கற்றுக்கொள்ள வேண்டியது என்ன என்பது. இவ்வளவுதான் இன்றைய பொருள். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு நீங்கள் அதை உரசிப் பார்க்கலாம். ஒன்றைக் கொடுக்கும்போதே அதைத் திரும்ப எடுக்க வேண்டியவர் யார் என்று எழுதி வைக்காத ஏற்பாடு, கணினியின் நினைவகத்துக்குள் இருந்தாலும் சரி, வலயக் கல்விக் காரியாலயத்தின் கோப்புக்குள் இருந்தாலும் சரி, ஒரே விதமாகத்தான் உடைகிறது. உடைந்த செலவைச் சுமப்பவர் ஏற்பாட்டைச் செய்தவர் அல்லர். அதைக் கடைசியாகக் கையில் வாங்கியவர்.

1. ஓட்டையின் உள்ளமைப்பு

ஃபிளாஷின் வரலாறு நமக்கு அதிகம் தேவையில்லை. 1996இல் ஃபியூச்சர்ஸ்பிளாஷ் என்ற பெயரில் வந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் மக்ரோமீடியாவின் கைக்குப் போனது. 2005இல் மக்ரோமீடியாவையே அடோபி வாங்கியபோது அதனோடு சேர்ந்து போனது. உலாவி தானாகச் செய்ய முடியாத அசைபடம், ஒலி, விளையாட்டு, காணொளி எல்லாவற்றையும் அது செய்து கொடுத்தது. யூடியூப் தொடங்கிய காலத்தில் காணொளியை ஓட்டியதும் அதுதான். பாடத்தைப் படமாக அசைத்துக் காட்ட வேண்டும் என்று 2000களில் நினைத்தவர்கள் பெரும்பாலும் ஃபிளாஷைத்தான் நாடினார்கள். நமக்கு முக்கியமான செய்தி ஒன்றே ஒன்று: அது சி++ மொழியில் எழுதப்பட்டது.

சி, சி++ மொழிகளில் எழுதப்பட்ட நிரல் தனக்கு வேண்டிய நினைவகத்தைக் கேட்டு வாங்குகிறது. கிடைப்பது ஒரு முகவரி. வேலை முடிந்ததும் அந்த இடத்தை விடுவிக்க வேண்டும். விடுவிக்கும் பொறுப்பு நிரலை எழுதியவருடையது. விடுவித்த பிறகு பழைய முகவரியை எவரும் வைத்திருக்கவில்லை என்று உறுதி செய்ய வேண்டியதும் அவர்தான். மொழி அதைச் சரிபார்ப்பதில்லை. தோட்டத்து லயத்தில் ஒரு காம்பரா காலியாகிறது என்று வையுங்கள். காரியாலயப் பதிவில் பழைய பெயரை வெட்டி, அடுத்த குடும்பத்துக்குக் கொடுத்தாயிற்று. ஆனால் முன்பு இருந்தவரிடம் இருந்த திறப்பை யாரும் கேட்டு வாங்கவில்லை, பூட்டையும் மாற்றவில்லை. அவர் ஒரு நாள் வந்து, தன்னுடைய காம்பரா என்ற நினைப்பில் திறந்து, தன்னுடைய பெட்டி என்ற நினைப்பில் எதையோ வைத்துவிட்டுப் போகிறார். வைத்தது புதிய குடும்பத்தின் பெட்டிக்குள். விடுவித்தபின் பயன்படுத்தும் பிழை என்று கணினித் துறை சொல்வது இதைத்தான்.

இப்போது ஓர் உண்மையான பிழையைக் கிட்டப் போய்ப் பார்ப்போம். அதன் பதிவு எண் சிவிஇ-2015-5119. ஃபிளாஷில் நிரல் எழுதுபவர் பைட்டுகளின் வரிசை ஒன்றை உண்டாக்கி, அதன் ஓரிடத்தில் ஒரு மதிப்பை வைக்கச் சொல்லலாம். மதிப்பு எண்ணாக இருந்தால் வம்பில்லை. எண்ணுக்குப் பதிலாக ஒரு பொருளைக் கொடுத்தால், அதன் எண் மதிப்பு என்ன என்று ஃபிளாஷ் அந்தப் பொருளிடமே கேட்கும். கேட்பதற்கு முன்பே, விடையை எழுத வேண்டிய முகவரியைக் குறித்து வைத்துக்கொள்ளும். கோளாறு இந்த முன்பின் ஒழுங்கில் இருக்கிறது. விடை சொல்லும் பகுதியை எழுதியவர் தாக்குபவர். அவர் விடையைச் சொல்வதற்கு முன் பைட் வரிசையின் நீளத்தை மாற்றிவிடுகிறார். நீளம் மாறியதும் ஃபிளாஷ் பழைய இடத்தை விடுவித்து வரிசையை வேறிடத்துக்குப் பெயர்க்கிறது. காலியான இடத்தில் தாக்குபவர் ஓர் எண் பட்டியலைக் குடியேற்றுகிறார். தன்னில் எத்தனை உறுப்புகள் என்ற கணக்கைத் தன் தலைப்பிலேயே எழுதி வைத்திருக்கும் வகைப் பட்டியல் அது. அதன் பிறகுதான் விடை வருகிறது, ஒரே ஒரு பைட். ஃபிளாஷ் அதைக் குறித்து வைத்த பழைய முகவரியில் எழுதுகிறது. அது போய் உட்காருவது புதிய பட்டியலின் நீளக் கணக்கில், அதுவும் மேல் இலக்கத்தில். ஆயிரத்துச் சொச்சம் உறுப்புகள் கொண்ட பட்டியல், அந்தக் கணத்திலிருந்து தனக்கு நூறு கோடிக்கு மேல் உறுப்புகள் இருப்பதாக நம்புகிறது. அதைப் பிடித்துக்கொண்டு நினைவகத்தின் மற்ற மூலைகளைப் படிக்கலாம், எழுதலாம். கடைசியில் கணினியையே தன் சொல்படி ஆட்டலாம். உடைத்துத் திறக்கவில்லை, கடவுச்சொல் திருடவில்லை. ஒரு பைட், தவறான நேரத்தில் ஒரு பழைய முகவரிக்குப் போயிற்று.

2. கவனமாக எழுதியிருந்தால் நேர்ந்திராதா?

இந்தக் கேள்வி நியாயமானது. பிழையை எழுதியவரின் கவனக்குறைவு என்று சொல்லிவிட்டால் என் வாதம் அங்கேயே நின்றுவிடும். சான்றுகள் வேறு மாதிரிச் சொல்கின்றன.

2015 ஜூலை 5ஆம் திகதி, இத்தாலியின் மிலான் நகரிலிருந்து அரசுகளுக்கு உளவு மென்பொருள் விற்றுவந்த ஹாக்கிங் டீம் என்ற நிறுவனத்தின் ஏறத்தாழ 400 ஜிகாபைட் உள்ளகக் கோப்புகள் வெளியில் கொட்டப்பட்டன. மேலே சொன்ன ஓட்டை அந்தக் குவியலுக்குள் கிடந்தது, செய்முறை விளக்கத்தோடு. நான்கு ஆண்டுகளில் வந்த ஃபிளாஷ் ஓட்டைகளிலேயே மிக அழகானது என்று அந்த நிறுவனத்தாரே அதைப் பாராட்டி எழுதியிருந்தார்கள். அழகு என்று ரசித்துப் பூட்டி வைத்திருந்தார்கள், அடோபிக்குச் சொல்லவில்லை. அடோபி ஜூலை 8ஆம் திகதியே அதை அடைத்தது. அதற்குள் அதே குவியலிலிருந்து அதே வகையில் வேறு ஓட்டைகள் கிளம்பின. ஜூலை 14ஆம் திகதி இன்னொரு திருத்தம் வெளியிட வேண்டியதாயிற்று. அந்த நாட்களில் ஃபயர்பாக்ஸ் உலாவி ஃபிளாஷைத் தானாக ஓடவிடாமல் தடுத்தது. ஃபேஸ்புக்கின் பாதுகாப்புத் தலைவராக இருந்த அலெக்ஸ் ஸ்டாமோஸ், ஃபிளாஷுக்கு ஒரு முடிவுத் திகதி குறிக்கும்படி அடோபியிடம் வெளிப்படையாகக் கேட்டார்.

அடோபி சும்மா இருந்துவிடவில்லை. கூகுளின் பாதுகாப்பு ஆய்வாளர்களோடு சேர்ந்து, எண் பட்டியல்களை நினைவகத்தின் தனிப் பகுதிக்கு நகர்த்தினார்கள்; நீளக் கணக்கு கலைக்கப்பட்டதா என்று பார்க்கும் காவலையும் வைத்தார்கள். நல்ல வேலை அது. ஆனால் 2018 தொடக்கத்தில் சிவிஇ-2018-4878 வெளிவந்தது. தென்கொரியர்களைக் குறிவைத்த தாக்குதல் அது. அதே ஆண்டு டிசம்பரில் சிவிஇ-2018-15982. இரண்டுமே விடுவித்தபின் பயன்படுத்தும் பிழைகள். முன்பு அடைத்த இடத்தில் வரவில்லை, வேறு மூலையில் வந்தன. 2015ஆம் ஆண்டில் மட்டும் ஃபிளாஷில் முந்நூறுக்கு மேல் ஓட்டைகள் பதிவாயின. வாழ்நாள் முழுவதையும் கூட்டினால் ஆயிரத்தைத் தாண்டும்.

ஃபிளாஷ் மட்டும் கெட்ட பிள்ளை என்றால் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கலாம். மைக்ரோசாஃப்ட் 2019இல் தன் கணக்கை வெளியிட்டது: ஆண்டுதோறும் அது அடைக்கும் பாதுகாப்பு ஓட்டைகளில் சுமார் 70 சதவீதம் நினைவகப் பிழைகள். குரோமியம் உலாவிக் குழு 2020இல் தங்கள் கடுமையான பிழைகளை எண்ணிப் பார்த்தபோதும் ஏறக்குறைய அதே 70. அவற்றில் பாதி விடுவித்தபின் பயன்படுத்தும் பிழைகள். உலகத்தின் மிகத் திறமையான நிரலாளர்களைச் சம்பளம் கொடுத்து வைத்திருக்கும் இரண்டு இடங்கள் இவை. 1988 நவம்பரில் இணையத்தை முதன்முதலாக முடக்கிய மோரிஸ் புழு நுழைந்த வழிகளில் ஒன்றும் நினைவக எல்லையை மீறி எழுதும் பிழைதான். முப்பது ஆண்டுகளாகக் கவனமாக இருங்கள் என்று சொல்லியும் விகிதம் மாறவில்லை என்றால், குறை கவனத்தில் இல்லை, ஏற்பாட்டில் இருக்கிறது. இடத்தைக் கொடுக்கும் வழியை மொழி வகுத்தது. திரும்ப வாங்கும் வழியை மனிதரின் ஞாபகத்துக்கு விட்டுவிட்டது.

3. முடிவுத் திகதி யாருக்குப் போய்ச் சேர்ந்தது?

இனி நினைவகத்தை விட்டு வெளியே வருவோம். 2017 ஜூலை 25ஆம் திகதி அடோபி, 2020 முடிவோடு ஃபிளாஷை நிறுத்தப்போவதாக அறிவித்தது. மூன்றரை ஆண்டு அவகாசம். குறை சொல்ல முடியாத காலக்கெடு. கடைசிக் காலத்துப் பதிப்புகளுக்குள் ஒரு தடுப்பையும் வைத்தார்கள். 2021 ஜனவரி 12ஆம் திகதி முதல் அந்தப் பதிப்புகள் தாமாகவே எதையும் ஓட்ட மறுத்தன. அந்த மாதமே குரோமும் ஃபயர்பாக்ஸும் ஃபிளாஷ் ஆதரவை முழுவதும் எடுத்துவிட்டன.

அந்தத் தடுப்பு யாரை அடைந்தது என்று யோசித்துப் பாருங்கள். 2020ஆம் ஆண்டின் நடுப்பகுதிக்கு முற்பட்ட பதிப்புகளில் அது இல்லை. ஒழுங்காக இற்றைப்படுத்தி வந்த கணினியில் ஃபிளாஷ் நின்றது. வருடக்கணக்கில் யாரும் தொடாத கணினியில், பழைய உலாவியோடு, பழைய ஓட்டைகளோடு, அது தொடர்ந்து ஓடியது. யாருக்கு அந்தத் தடுப்பு அதிகம் தேவையோ அவர்களைத் தவிர மற்றவர்களையெல்லாம் அது போய்ச் சேர்ந்தது. மைக்ரோசாஃப்டும் ஒரு நீக்கல் இற்றைப்படுத்தலை வெளியிட்டது. ஆனால் அது விண்டோஸோடு சேர்ந்து வந்த ஃபிளாஷை மட்டுமே எடுத்தது. அடோபியின் தளத்திலிருந்தோ குறுவட்டிலிருந்தோ தனியே நிறுவியதைத் தொடவில்லை. விண்டோஸ் 7க்கான ஆதரவோ 2020 ஜனவரி 14ஆம் திகதியே முடிந்துபோயிருந்தது.

இது ஏழை நாட்டுப் பிரச்சினை மட்டும் என்று எண்ண வேண்டாம். சீனாவின் தாலியன் நகர ரயில்வேப் பணிமனையில் 2021 ஜனவரியில் அந்தத் தடுப்பு விழித்துக்கொண்டபோது வேலை குழம்பியது. அங்கிருந்தவர்கள் பாடுபட்டுச் செய்தது, தடுப்பு இல்லாத பழைய பதிப்பைத் தேடி நிறுவியது. அதை ஒரு சாதனையாகவே எழுதி வெளியிட்டார்கள். தென்னாபிரிக்க இறைவரிச் சேவை, தன் பழைய படிவங்கள் ஃபிளாஷில் இருந்ததால், ஃபிளாஷ் ஓடக்கூடிய தனி உலாவி ஒன்றையே வரி செலுத்துவோருக்குக் கொடுத்தது. இரண்டு இடத்திலும் திகதி தெரியாமல் போகவில்லை. அந்தத் திகதிக்குள் கழற்றி மாற்ற வேண்டியவர் யார் என்பது மட்டும் எவருடைய மேசையிலும் எழுதியிருக்கவில்லை.

நம் நாட்டிலும் இதற்குச் சான்று உண்டு. மென்பொருள் வேறு, கதை இதே. 2023 ஆகஸ்ட் மாதம் லங்கா அரசாங்க மேகக்கணிமீது கப்பம் கேட்கும் தீம்பொருள் பாய்ந்தது. அரச மின்னஞ்சல் முகவரிகள் சுமார் 5,000, அமைச்சரவை அலுவலகத்துடையவை உட்பட, மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான அஞ்சல்களை இழந்தன. அந்தக் காலத்துக்குரிய காப்புப்பிரதியும் போயிற்று. ஓடிக்கொண்டிருந்தது மைக்ரோசாஃப்ட் எக்ஸ்சேஞ்ச் 2013. அதற்கான ஆதரவு அந்த ஆண்டு ஏப்ரலிலேயே முடிந்துவிட்டிருந்தது. 2021 முதலே மாற்றத் திட்டமிட்டும், நிதி இல்லாமையாலும் நிர்வாக முடிவுகளாலும் தள்ளிப்போனதாகப் பொறுப்பானவர்களே சொன்னார்கள். கொழும்பில், அரசின் நெஞ்சுப் பகுதியில் இந்த நிலை என்றால், மலைக்கு மேல் இருக்கும் ஒரு பாடசாலையைக் குறைசொல்ல எனக்கு வாய் வராது.

4. மலையகத்திலிருந்து எழும் மறுப்புகள்

இங்கே பாடசாலைகளுக்குக் கணினி வரும் வழி உங்களுக்குத் தெரியும். அரசு கொடுப்பது கொஞ்சம். பழைய மாணவர், வெளிநாட்டில் இருப்பவர், வங்கி, தொண்டு நிறுவனம் என்று அன்பளிப்பாக வருவது மிச்சம். கையளிப்பு விழாவில் விளக்கேற்றி நாடா வெட்டுகிறோம். எத்தனை கணினி, என்ன பெறுமதி என்று பத்திரத்தில் இருக்கும். அதில் இருக்கும் மென்பொருள்களின் ஆயுள் எப்போது முடிகிறது, முடிந்தபின் கழற்றுவது யார் என்று ஒரு வரி இருக்காது. அன்பளிப்புச் செய்தவரின் நல்ல மனதைப் பற்றி எனக்கு எந்தக் குறையும் இல்லை. அவர் நல்லவர் என்பதாலேயே அந்தக் கேள்வியை யாரும் அவரிடம் கேட்பதில்லை.

இந்த வாதத்துக்கு நான்கு மறுப்புகள் வருகின்றன. முதலாவது, எங்கள் கணினியைத் தாக்கி யாருக்கு என்ன லாபம் என்பது. ஆள் பார்த்துத் தாக்குபவர்களும் உண்டு, ஆனால் ஃபிளாஷின் வாழ்நாளில் அதிகச் சேதம் செய்தவை ஆங்லர், நியூக்ளியர், நியூட்ரினோ போன்ற தாக்குதல் தொகுதிகள். ஹாக்கிங் டீம் ஓட்டை வெளியான சில நாட்களுக்குள் அவை அதைச் சேர்த்துக்கொண்டன. கெடுக்கப்பட்ட ஒரு விளம்பரம் போதும். அது வந்து விழும் ஒவ்வொரு உலாவியையும் தட்டிப் பார்க்கும், எந்த ஊர் என்று கேட்காது. சிறிய மொழி என்பதும் கவசமில்லை. யூனிகோட் பரவுவதற்கு முந்திய காலத்தில் தமிழ் இணையப் பக்கங்கள் பல, பக்கத்தோடு சேர்ந்து இறங்கும் எழுத்துருவை நம்பியே தமிழைக் காட்டின. அப்படி இறங்கும் எழுத்துருவை விண்டோஸ் பிரித்துப் படிக்கும் பகுதியிலேயே நினைவகப் பிழை இருந்தது. 2006 ஜனவரியில் ஒரு முறை, 2009 ஜூலையில் மறுபடியும் அடைத்தார்கள். தமிழ் வாசிக்க வேண்டும் என்பதற்காக நாம் திறந்து வைத்த கதவு அது. 2018இல் ஐபோன்களை முடக்கியது ஒரு தெலுங்கு எழுத்துச் சேர்க்கை. அதையும் நினைவகச் சிதைவு என்றே ஆப்பிள் பதிவு செய்தது. சிறிய மொழிகளுக்கான நிரற்பகுதிகளைக் குறைவானவர்களே சோதிக்கிறார்கள் என்பது என் கணிப்பு.

இன்னொன்றும் இங்கே சொல்லலாம். 2021 பெப்ரவரியில் இலங்கையின் இணையப் பெயர்ப் பதிவகம் தாக்கப்பட்டு, கூகுளின் இலங்கை முகவரிக்குப் போனவர்கள் வேறொரு பக்கத்துக்குத் திருப்பிவிடப்பட்டார்கள். அந்தப் பக்கம் எழுப்பிய விடயங்களுள் தேயிலைத் துறையின் பிரச்சினையும் ஒன்று. தோட்டத் தொழிலாளரின் ஆயிரம் ரூபாய் நாட்சம்பளக் கோரிக்கை சூடாக இருந்த நேரம் அது. முறை வேறு என்பதால் அதை என் வாதத்தில் சேர்க்கவில்லை. மலையகம் யார் கண்ணிலும் படாத மூலை என்ற எண்ணத்தை மட்டும் அது கொஞ்சம் அசைக்கும்.

இரண்டாவது மறுப்பு, எங்கள் கணினிக்கு இணையமே இல்லை என்பது. 2018ஆம் ஆண்டின் இரண்டு தாக்குதல்களும் உலாவி வழியாக வரவில்லை. ஒன்று எக்ஸெல் கோப்புக்குள்ளும் மற்றது வேர்ட் கோப்புக்குள்ளும் ஃபிளாஷைப் பொதித்து வைத்து வந்தன. கோப்பைத் திறந்ததும் கணினியில் நிறுவியிருந்த ஃபிளாஷ் விழித்துக்கொண்டது. நம் பாடசாலைகளில் வினாத்தாளும் புள்ளிப் பட்டியலும் எப்படிப் போய் வருகின்றன? பென் டிரைவில், எக்ஸெல், வேர்ட் கோப்புகளாக. பழைய ஆபீஸ், பழைய ஃபிளாஷ், பென் டிரைவ் மூன்றும் ஒரே மேசையில் இருக்கும்போது இணையம் இல்லை என்பதில் ஆறுதல் கொள்ள அதிகம் இல்லை.

மூன்றாவது மறுப்பு, பணம். இதுதான் கனமானது. புதிய கணினி வாங்கு என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. 2025 அக்டோபர் 14ஆம் திகதியோடு விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவும் முடிந்துவிட்டது. அதற்கடுத்த பதிப்பைப் பல பழைய கணினிகள் ஏற்காது. ஆனால் நான் பேசுவது கழற்றுவதைப் பற்றி. ஃபிளாஷை நீக்க ஒரு சதம் செலவில்லை, பத்து நிமிடம் போதும். அது நடக்காமல் இருப்பதற்குக் காரணம் வறுமை என்று சொல்ல முடியாது. செய்ய வேண்டியவர் என்று எவர் பெயரும் எழுதப்படவில்லை; எழுதப்படாத வேலையைத் தகவல் தொழில்நுட்ப ஆசிரியர் செய்யலாம், செய்யாமலும் இருக்கலாம். கணினியில் கை வைத்து ஏதாவது ஆகிவிட்டால் பதில் சொல்ல வேண்டியது தாம்தானே என்று அவர் தயங்குவதிலும் நியாயம் இருக்கிறது.

நான்காவது மறுப்பு கொஞ்சம் கோபத்தோடு வரும்: காணி உரிமையும் சம்பளமும் தீராத மக்களிடம் செருகுநிரலைப் பற்றிப் பேசுவது ஆடம்பரம். அந்தக் கோபத்தை மதிக்கிறேன். ஆனால் அஸ்வெசும விண்ணப்பம், ஊழியர் சேமலாப நிதி ஆவணம், பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டைப் பிரதி, பரீட்சை விண்ணப்பம் எல்லாம் இன்று எங்கே ஸ்கான் ஆகின்றன? நகரத்துக் கொமியுனிகேஷன் கடையில், ஒரே கணினியில். வேலை முடிந்து போன பிறகும் அந்தக் கோப்புகள் அந்தக் கணினியிலேயே கிடக்கின்றன. கொழும்பில் ஒருவர் கணினி கெட்டால் ஒருவருடைய ஆவணம் போகும். இங்கே ஒரு கணினி கெட்டால் ஒரு டிவிஷனின் ஆவணமே போகலாம். உரிமைக்காக அலைகிறவர்களுக்குத்தான் ஆவணம் அதிகம் தேவை.

5. உரிமையை எழுதி வைப்பது

நினைவகத்துக்குள் இந்தச் சிக்கலுக்கு வழி கண்டிருக்கிறார்கள். 2015 மே மாதம் முதல் நிலைப்பதிப்பு கண்ட ரஸ்ட் என்ற நிரல்மொழியில் ஒவ்வொரு மதிப்புக்கும் ஒரே ஓர் உரிமையாளர். மற்றவர்கள் அதை இரவல் வாங்கலாம்; இரவல் வெளியில் இருக்கும்வரை உரிமையாளரால் அந்த இடத்தைப் பெயர்க்கவோ விடுவிக்கவோ முடியாது. நாம் பார்த்த 2015ஆம் ஆண்டுப் பிழையை அந்த மொழியில் அதே வடிவில் எழுதிப் பார்த்தால், முகவரியைக் கையில் வைத்துக்கொண்டே வரிசையின் நீளத்தை மாற்ற முயல்வதை, நிரலைக் கணினிக்குப் புரியும்படி மாற்றும் தொகுப்பி கண்டுபிடித்து ஏற்க மறுத்துவிடும். நிரலாளர் மறந்தாலும் மொழி மறக்காது. ரஸ்டிலும் இந்தக் காவலைத் தளர்த்தி எழுத இடமுண்டு, அங்கே பிழை வரலாம். ஆனால் தளர்த்திய இடம் எது என்று நிரலிலேயே குறித்தாக வேண்டும். பலன் எப்படி? ஆண்ட்ராய்டில் புதிய நிரற்பகுதிகளை இத்தகைய மொழிகளில் எழுதத் தொடங்கியபின், ஓட்டைகளில் நினைவகப் பிழைகளின் பங்கு 2019இல் 76 சதவீதமாக இருந்தது 2024இல் 24 சதவீதமாக இறங்கியதாகக் கூகுள் அறிவித்தது. பழைய நிரல் முழுவதையும் அவர்கள் திருப்பி எழுதவில்லை. புதிதாகச் சேர்த்ததை மட்டும் ஒழுங்கோடு சேர்த்தார்கள். நிதி இல்லாத இடங்கள் இந்தச் செய்தியைக் கவனிக்க வேண்டும்.

வெளியே, நம் பாடசாலையில், இதற்கு ஈடான ஏற்பாடு ஒரு பக்கத்துக்குள் அடங்கும். கணினி கையளிக்கும் பத்திரத்தில் மூன்று விடயங்கள் சேரட்டும்: அதில் நிறுவியிருக்கும் மென்பொருள்களின் பட்டியல், அறிவிக்கப்பட்டிருந்தால் ஒவ்வொன்றின் ஆதரவு முடியும் திகதி, அந்தத் திகதியில் கழற்ற வேண்டிய பதவி. ஆளின் பெயரை எழுத வேண்டாம், ஆசிரியருக்கு இடமாற்றம் வரும், பதவியை எழுதுங்கள். அன்பளிப்புச் செய்பவர் கையெழுத்திடும்போது அதிபரும் கையெழுத்திடட்டும். அதிபர் மாறும்போது, தளபாடப் பதிவேட்டைப் புதியவரிடம் ஒப்படைப்பதுபோல இந்தத் தாளும் ஒப்படைக்கப்படட்டும். வலயக் கல்விக் காரியாலயம் ஆண்டுக் கணக்கெடுப்பில் கதிரை, மேசையோடு இதையும் பார்த்தால் புதிதாக ஒரு பதவியும் வேண்டியதில்லை. தாள் ஒன்று கூடினால் வேலை நடந்துவிடுமா என்று கேட்பீர்கள். தாள் இல்லாதபோது நடக்கவில்லை என்பதே இப்போதைக்கு என் பதில். தாள் இருந்தும் நடக்காவிட்டால் யாரைக் கேட்பது என்றாவது தெரிந்திருக்கும்.

கடைசியாக, ஃபிளாஷைக் கழற்றினால் அதில் செய்த பாடங்கள் என்ன ஆகும் என்ற கவலை. பலர் கழற்றாமல் வைத்திருப்பதற்கு உண்மையான காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் விஞ்ஞான மாதிரிகளில் பல முன்பு ஃபிளாஷிலும் ஜாவாவிலும் இருந்தவை. இன்று பெரும்பாலானவை எந்தச் செருகுநிரலும் இல்லாமல் உலாவியிலேயே ஓடுகின்றன, தமிழிலும் கிடைக்கின்றன, தரவிறக்கி இணையம் இல்லாமலும் பயன்படுத்தலாம். மாற்றப்படாத பழைய கோப்புகளுக்கு ரஃபிள் என்ற இயக்கி இருக்கிறது. ரஸ்ட் மொழியில் எழுதப்பட்டது; உலாவியின் காப்பு வேலிக்குள்ளேயே ஓடுகிறது. இணைய ஆவணக் காப்பகம் 2020 நவம்பர் முதல் அதன் துணையோடு பழைய ஃபிளாஷ் படைப்புகளைக் காட்டிவருகிறது. ஃபிளாஷில் செய்த பாடக் குறுவட்டு ஏதாவது இருந்தால், அதிலுள்ள கோப்புகளை ஒரு கணினியில் எடுத்து வைத்து, ரஃபிளில் ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்ப்பது உயர்தர மாணவர்களுக்கு நல்ல செய்முறைப் பயிற்சியாக அமையும். எல்லாம் ஓடாது. ஃபிளாஷின் பிற்கால நிரல்மொழியான ஆக்ஷன்ஸ்கிரிப்ட் 3இல் செய்தவற்றில் சில இன்னும் இடறுகின்றன. ஓடாதவற்றையும் அழித்துவிடாமல் பிரதி எடுத்து வையுங்கள்; ரஃபிளின் வேலை இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. அதுவரை ஒரு பாடத்தைக் கரும்பலகையில் நடத்த வேண்டியிருந்தால் நடத்தலாம், அந்த ஒரு பாடத்துக்காகக் கணினி அறை முழுவதிலும் ஃபிளாஷை விட்டுவைக்க வேண்டியதில்லை.